எரியாத சிவப்பு விளக்கு

ரஜீனா பாலக்காட்டில் அண்ணன் கலீலின் எலெக்ட்ரானிக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த போர்டைக் கழற்றிப் பார்த்தாள். பேட்டரி மின்சாரத்தை அளவாக்கித் தர அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரெகுலேட்டர் அதில் இல்லை. அதே கறுப்பு, அதே மூன்று கால், ஆனால் வேறொன்று.

அவள் கொடுத்ததோ மண்டையை உடைத்துக்கொண்டு தேடியெடுத்தது. யானை எஸ்டேட் பாதைக்கு வந்தால் இந்தப் போர்டு கம்பத்துச் சிவப்பு விளக்கை எரியவைக்க வேண்டும். ஆறு வோல்ட் பேட்டரி, ஐந்து வோல்ட் சர்க்யூட். நடுவில் சாதாரண ரெகுலேட்டரை வைத்தால் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும், மிச்சம் ஐந்து தேறாது. அவள் சொன்னது கால் வோல்ட்கூடத் தின்னாது. பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் விளக்கு எரியும்.

கேட்டால், கடையில் இருந்ததைப் போட்டேன், இரண்டும் ஐந்து வோல்ட்தானே தரும் என்கிறார் கலீல். மொட்டை மாடியில் சோலார் தகட்டோடு வைத்துச் சோதித்தாராம். பாலக்காட்டு வெயிலில் எதுதான் எரியாது! சூரியநெல்லியில் மூடுபனி இறங்கினால் நாள்கணக்கில் சூரியனே கிடையாது. பேட்டரி எங்கே நிறையும்? இந்த லட்சணத்தில் மிச்சப் போர்டுகளையும் மலைக்கு அனுப்பப் பெட்டி கட்டி வைத்திருந்தார்.

"பேட்டரியச் சார்ஜ் பண்ணச் சொல்லு. என் போர்டுல குத்தமில்ல" என்றார்.

ரஜீனா வாதாடவில்லை. அந்தக் கம்பத்தடியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் குருவம்மாளைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு அண்ணன் முன்னால் வைத்தாள். அன்று காலை நடந்ததை அவரிடமும் சொல்லச் சொன்னாள்.

குருவம்மாள் நிதானமாகச் சொன்னாள். விளக்கைப் பார்க்காமல் லயத்தில் யாரும் வாசல் தாண்டுவதில்லை. எரிந்தால் கதவைச் சாத்துவார்கள், எரியாவிட்டால் கிளம்புவார்கள். அன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

"வெளக்கு எரியல தம்பி. அத நம்பித்தான் பள்ளிக்கூடத்துப் புள்ளைகள முன்னால நடக்க விட்டேன். வளைவுல யானை நிக்கிது."

எதிரே வந்த ஜீப்காரர் விடாமல் ஹார்ன் அடித்ததில் யானை ஒதுங்கியது. பிள்ளைகள் பிழைத்தது அவர் புண்ணியம், போர்டின் புண்ணியமில்லை.

போன் அடங்கிய பிறகும் ரஜீனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"கேட்டியாண்ணே? நம்ம வெளக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க பயந்து பயந்தாச்சும் நடந்தாங்க. அந்தப் பயத்தையும் நாம புடுங்கிட்டோம்."

கலீல் எழுந்துபோய், கட்டி வைத்திருந்த பெட்டியின் டேப்பைத் தன் கையாலேயே கிழித்தார்.