இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாத கார்

சின்ன மாப்பிள்ளை புதுக்கார் வாங்கிய செய்தி பெரிய மாப்பிள்ளைக்குக் காலைக் காப்பியோடு வந்தது. "என் தங்கச்சி வீட்டுல கார் எடுத்திருக்காங்க. சிவப்பாம்" என்றாள் மனைவி. காப்பியில் சர்க்கரையே இல்லை என்று அவர் சத்தம் போட்டார். இருந்தது.

அந்தக் குடும்பத்தில் அதுவரை கார் என்றால் அவருடைய கார்தான். மாமனாருக்குக் கண் ஆஸ்பத்திரி, மாமியாருக்குத் துணிக்கடை, எதுவானாலும் "பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். "எனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அலுத்துக்கொண்டே சாவியை எடுப்பார். அந்த அலுப்புக்காகத்தான் அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு வாசலில் சிவப்புக் கார் நின்றது. சீட்டுகளில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. மாமியார் கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடிப் பார்த்தார். "சத்தமே வரல பாரேன்!" என்றார். பெரிய மாப்பிள்ளையின் காரில் கதவை மூடினால் தூங்குகிற தெருநாய் எழுந்து வேறு இடம் பார்க்கும்.

"சகலை, உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றான் சின்ன மாப்பிள்ளை. "புது வண்டிக்கு முதல் ஆயில் எப்ப மாத்தணும்?"

எரிந்துகொண்டிருந்த வயிற்றில் ஐஸ் வைத்தது போலிருந்தது. கேட்கிறான், அதுவும் எல்லார் முன்னாலும். பெரிய மாப்பிள்ளை பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரே பிளாஸ்டிக் மூடியாக இருந்தது. எது என்னவென்று பிடிபடவில்லை. ஆகவே ரொம்ப நேரம் தலையை ஆட்டினார்.

"ஆயிரம் கிலோமீட்டர்ல மாத்திடணும். புது எஞ்சின்ல இரும்புத்தூள் உதிரும்."

"ஷோரூம்ல, வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும், புக்குலயே போட்டிருக்குன்னாங்களே."

"அவன் வண்டி விக்கறவன். நான் வண்டி ஓட்டறவன்."

"அதானே!" என்றார் மாமனார். அந்த 'அதானே' தலைக்கேறிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணு. அந்த ஆயில் மாத்தற வரைக்கும் எஞ்சின் பச்சப்புள்ள மாதிரி. பாரம் தாங்காது. ரெண்டு பேருக்கு மேல ஏத்தவே கூடாது."

காரில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்த மாமியார், காலைக் கீழே வைத்தார்.

அதன்பிறகு எல்லாம் பழையபடி நடந்தது. துணிக்கடைக்குப் பெரிய மாப்பிள்ளையைத்தான் கூப்பிட்டார்கள். சின்ன மாப்பிள்ளைக்கு ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. கிலோமீட்டர் ஏறுவேனா என்றது. "எவ்வளவு ஓடியிருக்கு சகலை?" என்று வாராவாரம் அக்கறையாக விசாரித்துவிட்டு, அன்று மட்டும் பெரிய மாப்பிள்ளை நிம்மதியாகத் தூங்கினார்.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் அன்று எல்லாரும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். புதுக்காரில் சின்ன மாப்பிள்ளையும் அவன் மனைவியும் மட்டும் முன்னால் போனார்கள். பழைய காரில் மாமனார், மாமியார், மனைவி, மூன்று பை. பெரிய மாப்பிள்ளையின் கண், முன்னால் போன சிவப்பைவிட்டு அகலவில்லை. அதனால் தன் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்கை அவர் கவனிக்கவில்லை. கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் வரவில்லை.

முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

"நாங்க மூணு பேரும் உங்க வண்டியில வந்துடறோம்" என்றார் மாமியார்.

"ஐயையோ அத்தை, இன்னும் ஆயிரம் ஆகலையே! சகலை ரெண்டு பேருக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே. டாக்சி ஏதாவது வருதான்னு பாக்கட்டுமா?"

பெரிய மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தார். அதில் வருத்தம் இல்லை. ஒரு பரம திருப்தி இருந்தது. சீட்டில் பாலித்தீன் உறை இன்னும் அப்படியே பளபளத்தது. இத்தனை நாள் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக, பையில்லாமல், மாமியார் இல்லாமல் ஊருக்குள்ளேயே சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சுகத்தை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தது யார்? வயிறு புதிதாக எரிந்தது.

"டாக்சிக்கெல்லாம் நிக்க நேரமில்ல மாப்ள" என்றார் மாமனார். "இன்னிக்கு விட்டா அந்த டாக்டர் அடுத்த மாசம்தான்னு சொல்லிடுவாரு."

"ஏத்தலாம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"என்ன சகலை?"

"அஞ்சு பேரும் ஏறலாம். அஞ்சு சீட்டு எதுக்கு வச்சிருக்கான்?"

"எஞ்சின்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப அன்னிக்குச் சொன்னது?"

கௌரவமான பொய்கள் நாலைந்து வாய்வரை வந்தன. மாமனார் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானாச் சொன்னதுதான்."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"நீ ஏறு முதல்ல."

மாமியார் பாலித்தீன் உறையைச் சரக்கென்று கிழித்து வெளியே போட்டுவிட்டு, பைகளோடு உட்கார்ந்தார். சின்ன மாப்பிள்ளையின் முகம் வாடிய கத்திரிக்காயானது. கிழிந்த சத்தம் பெரிய மாப்பிள்ளையின் காதில் தேனாகப் பாய்ந்தது.

ஐந்து பேரோடு கார் போய்விட்டது. அவர் தன் காரின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு பொட்டு ஆயில் ஒட்டாமல் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யோசித்தார். அடுத்த வீட்டுக் கார், ஆபீஸ் மேனேஜர் கார், எல்லாக் காரும் ஞாபகம் வந்தன. இது வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சின்ன மாப்பிள்ளை அடிக்குரலில் பேசினான். "மாமாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க சகலை, கவலையில்ல. ஒரு சந்தேகம். அந்த ஆயில் மாத்தினதுக்கு அப்புறமாவது, ஆள் ஏத்தக்கூடாதுன்னு ஏதாவது இருக்கா? அத்தை அடுத்த வாரம் துணிக்கடைக்குன்னு பேசறாங்க."

"அப்படி ஒண்ணும் கிடையாது சகலை. நல்லா ஏத்துங்க!" என்று சிரித்தபடி வைத்தார்.

வைத்தபிறகுதான் உறைத்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"அத்தைகிட்டச் சொல்லு. நம்ம வண்டிக்கு இன்னிக்கே ஆயில் மாத்திடறேன். துணிக்கடைக்கு நானே வர்றேன்னு சொல்லு."