விடாத கை

பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஓக்ரானின் வலது கை அவள் பேச்சைக் கேட்பதில்லை. முதல் மாதம் ஈரத் துணி மாதிரிக் கிடந்தது. அப்புறம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. பிடியென்றால் சும்மா இல்லை, உடும்புப் பிடி. விடச் சொன்னால்தான் வீம்பு.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் யூரிம் என்ற பெண் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். பிடிப்பது சீக்கிரம் வந்துவிடுமாம், விரிப்பதற்குத்தான் நாளாகுமாம். பதறினால் விரல்கள் இன்னும் இறுகும், யாராவது இழுத்தால் கேட்கவே வேண்டாம். ஓக்ரான் தினமும் உட்கார்ந்து ஒரு கிண்ணத்துப் பயறை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினாள். எடுக்க ஒரு நொடி, போட ஒரு யுகம். சில நாள் பயறைக் கையில் வைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள், பாவம்.

இத்தனை பாடும் மகன் தேஹோவின் கல்யாணத்துக்காக. கொரியாவில், அவர்கள் ஊரான மாசானில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் முதல் காரியம் அதுதான்: மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் கைகோர்த்து நடந்து போய், மேடையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா இடப்பக்கம் வருவாள். அவளுடைய வலது கை சம்பந்தியின் கைக்குள் இருக்கும். இடது கையால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிடலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் மேடைக்குப் போனதும் சம்பந்தியின் கையை விட்டாக வேண்டும். மலையே அங்கேதான் இருந்தது.

கணவனின் அக்கா இதற்கென்றே காத்திருந்தவள் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தாள். அம்மா ஸ்தானத்தில் தானே நின்றுவிடுவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டு நிறமான நீலத்தில் புது ஹன்போக் உடைக்கு அளவும் கொடுத்தாகிவிட்டதாம்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு சபையில எதுக்கு வம்பு, தேஹோ அம்மா?" என்றாள்.

"பெத்தவ உயிரோட இருக்கேன் அண்ணி. அந்த உடுப்பை உங்க பேரன் கல்யாணத்துக்கு வச்சுக்குங்க."

வாய் பேசிவிட்டது, கை கேட்க வேண்டுமே. போதாக்குறைக்குப் போனில் விசாரித்த சம்பந்தியிடம், கை பழையபடி ஆகிவிட்டதென்று ஒரு பொய்யையும் சொல்லி வைத்தாள். வாழப் போகிற வீட்டில் தன் பெண் நோயாளிக்குப் பணிவிடை செய்துகொண்டு கிடக்க வேண்டுமோ என்று எந்தத் தாயும் நினைப்பாள். அந்த நினைப்பு வந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான் அவளைப் பொய் சொல்ல வைத்தது.

வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. சம்பந்தி வேஷம் கணவன் மன்சிக்குக்கு. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் தெருவில் ஒரு நாள் அவள் கையைப் பிடித்து நடந்திராத மனுஷன், இப்போது தினம் இருபது தடவை கைகோர்த்து டிவி வரைக்கும் நடந்தார். முதலில் அவள் விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐந்து எண்ணுவதற்குள் தானாகவே விட்டது. அன்றைக்கு மன்சிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்தன்று முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். வாத்தியம் ஆரம்பித்தது. சம்பந்தியம்மா கையை நீட்டினாள், ஓக்ரான் பிடித்தாள். நடை ஒழுங்காகத்தான் இருந்தது. மேடைக்குப் போய் நின்று, மனசுக்குள் ஐந்து எண்ணினாள். கை விடவில்லை. மறுபடி எண்ணினாள். விரல்கள் இன்னும் இறுகின. அவள் ஏற்ற வேண்டிய நீல மெழுகுவர்த்தி இந்தக் கோடியில், பெண் வீட்டுச் சிவப்பு அந்தக் கோடியில். சம்பந்தியம்மா தன் பக்கம் போக முயன்று லேசாகக் கையை இழுத்தாள். அவ்வளவுதான், நகம் பதிகிற அளவுக்குப் பிடி இறுகிவிட்டது. இரண்டாம் வரிசையில் நாத்தனார் கழுத்தை நீட்டுவது ஓக்ரானின் கண்ணில் பட்டது. அவமானத்தில் காது சுட்டது.

"சம்பந்தி," என்று உதடு அசையாமல் சொன்னாள், "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கை சரியாகல. இழுத்தா இன்னும் இறுகும்."

சம்பந்தியம்மா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். இழுப்பதை நிறுத்தினாள்.

"இழுக்கல. மொதல்ல உங்களோடது, அப்புறம் என்னோடது. வாங்க."

இருவரும் ஒன்றாக நீல மெழுகுவர்த்தியிடம் போனார்கள். ஓக்ரான் இடது கையால் ஏற்றினாள். அப்படியே மறு கோடிக்குப் போய்ச் சம்பந்தியம்மா சிவப்பை ஏற்றினாள். கோர்த்த கை கோர்த்தபடியே சபைக்கு வணங்கினார்கள். இது ஏதோ புது வழக்கமென்று நினைத்து மண்டபமே கைதட்டியது. நாத்தனாரும் தட்டினாள், வேறு வழி?

இனி ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார வேண்டும். சம்பந்தியம்மா காதருகே குனிந்து, "உங்க பக்கம் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, இல்லேன்னா உங்க மடியிலதான்" என்றாள். ஓக்ரானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் தோள் இறங்கியது, மணிக்கட்டு தளர்ந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"விட்டுடுச்சு, சம்பந்தி," என்றாள், கண் நிறைய.

"என்னோடது விடலையே," என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா அந்தக் கையைப் பிடித்தபடியே ஓக்ரானை அவள் நாற்காலி வரைக்கும் அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.