மடியில் அறுபத்தொரு கிலோ

என் மகள் மிருதுளாவின் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் எல்லோரும் மண்டபத்தையும் சாப்பாட்டையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் ஒருவன்தான் என் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண்ணின் அப்பா மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவர் மடியில் பெண் உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கொல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் முப்பத்து மூன்று வருடமாக நாற்காலியைத் தேய்த்தவன். தரையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது என்ன, விழுந்தேன் என்றே சொல்லலாம். எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி ரங்கநாயகி ஒரு கையையும் மிருதுளா மறு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

“ஏன்னா, பேசாம ஒரு சேர் போட்டுண்டு உக்காருங்கோளேன். இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தானே பண்றா,” என்றாள் ரங்கநாயகி.

“எல்லாரும் பண்ணட்டும். சேர்ல உக்காந்து கன்னிகாதானம் பண்ண நான் என்ன ரிசர்வேஷன் கவுண்டர்லயா இருக்கேன்?”

“அறுபத்தொரு கிலோப்பா நான். யோசிச்சுக்கோ,” என்றாள் மிருதுளா.

யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே பெண். அவள் என் மடியில் உட்காரப்போவது இனி அந்த ஒரு தடவைதான். அதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அப்போது ஆடி மாதம், கல்யாணம் தையில். யோகா கற்றுக்கொள்வது என்று அன்றே தீர்மானித்தேன்.

யோகா என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பெஹாலாவில் எங்கள் வீட்டைச் சுற்றி மட்டும் நாலைந்து வகை. எதில் சேருவது என்று போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தவன், ஒன்றில் ‘ஐயங்கார் யோகா’ என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். அப்புறம் வேறு எதற்கு விசாரணை? இது நம்மாத்துச் சொத்தல்லவா? தென்கலையா வடகலையா என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்கூட வைத்துக்கொண்டேன். மறுநாள் நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தைக் கொஞ்சம் பளிச்சென்று இட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சர் கீதாஞ்சலி, ஐம்பது வயது வங்காளி அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நானே ஐயங்கார்தான் என்று சொன்னதற்கு “ஓ, அப்படியா” என்றார். முன்வரிசையில் இடம் கொடுப்பார் என்று பார்த்தால், மூலையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“தாதா, உங்க முழங்காலுக்கு இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.” தாதா என்றால் வங்காளத்தில் அண்ணா.

எந்த நாற்காலிக்குப் பயந்து ஓடி வந்தேனோ, அதே நாற்காலி. எனக்கு வந்ததே கோபம். “நாற்காலியில் உட்காரத்தான் ரயில்வே எனக்கு முப்பத்து மூன்று வருடமாகப் பயிற்சி கொடுத்துவிட்டது” என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஆபீஸில் பக்கத்து மேஜை குருமூர்த்தியிடம் புலம்பினேன். “யோகான்னா வேர்க்கணும்டா சௌந்தரராஜா. சேர்ல உக்காந்தா அதுக்குப் பேர் யோகாவா?” என்று ஒரு இடத்தைக் காட்டினான். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போட்டார்கள். கொல்கத்தாவில், ஆவணி மாதப் புழுக்கத்தில், ஹீட்டர். சுற்றிலும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தவளை மாதிரித் தாவினார்கள். நானும் மூன்று நாள் தாவினேன். நாலாம் நாள் முழங்காலோடு இடுப்பும் சேர்ந்துகொள்ள, பத்து நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதைதான்.

“அவன் சொன்னான்னு போனேளே, அவன் குனிஞ்சு தன் செருப்பை எடுத்து நீங்க பாத்திருக்கேளா?” என்று ரங்கநாயகி தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அடுத்து பார்க்கில் லாஃபிங் கிளப். காலை ஆறு மணிக்கு இருபது பேர் வட்டமாக நின்று காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். நல்ல மனிதர்கள், டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததே தவிர முழங்கால் ஓர் அங்குலம்கூட மடங்கவில்லை.

இப்படியே துர்கா பூஜை வந்துவிட்டது. அஷ்டமியன்று எங்கள் தெருப் பந்தலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட, நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கீதாஞ்சலி அம்மாள் தட்டோடு வந்தார்.

“தாதா, கோபம் போயிடுச்சா? எதுக்காகக் கத்துக்கணும்னு நான் கேக்கறதுக்குள்ள ஓடிட்டீங்களே.”

மற்ற இடங்களில் வயதைக் கேட்டார்கள், சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள். எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. சொன்னேன். மணை, மடி, தாலி எல்லாம் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

“எவ்வளவு நேரம் உக்காரணும்?”

“பத்து நிமிஷம்.”

“பொண்ணு எத்தனை கிலோ?”

“அறுபத்தொண்ணு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இதுக்கு எதுக்குத் தாவணும்? பூஜை முடிஞ்சதும் வாங்க.”

போனேன். வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். பாதத்தில் பட்டையை மாட்டிக் காலை நீட்டவும் மடக்கவும் ஒரு வாரம். பிறகு தரையில் ஆறு போர்வைகளை மடித்து அடுக்கி, அதன்மேல் சம்மணம். முழங்கால் மடிப்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு போர்வையை உருவினார். நான் அவசரப்பட்டால் “ஆஸ்தே, ஆஸ்தே” என்று தோளைப் பிடித்து அழுத்துவார். மெதுவாக, மெதுவாக. இந்த வயதில் எனக்குப் பொருந்துவது இந்த மெதுவான யோகாதான் என்று புரிந்தது. ஐயங்கார் என்ற பெயருக்காக அல்ல.

வீட்டில் டி.வி. பார்க்கும்போது ரங்கநாயகி என் மடியில் அரிசிப் பையை வைப்பாள். ஐந்து கிலோ, பத்து, இருபத்தைந்து. மார்கழிக் கடைசியில் ஒரு போர்வையும் இல்லாமல் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். இருபத்தைந்துக்கு மேல் மட்டும் கீதாஞ்சலி அம்மாள் சம்மதிக்கவில்லை. மீதி முப்பத்தாறு கிலோவைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

முகூர்த்தத்தன்று எனக்குப் பின்னால் ரங்கநாயகி ஒரு நாற்காலியை எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வைத்திருந்தாள். நான் திரும்பியும் பார்க்கவில்லை. மணையில் உட்கார்ந்தேன். கூறைப்புடவையில் மடிசார் கட்டிக்கொண்டு மிருதுளா வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

ஆச்சரியம், கனமே தெரியவில்லை. அரிசிப் பைகூட இதைவிடக் கனம். அடேயப்பா, யோகா என்றால் இதுதான் யோகா என்று பூரித்துப்போய், கூட்டத்தில் கீதாஞ்சலி அம்மாளைத் தேடினேன். அப்போதுதான் மிருதுளாவின் உடம்பு நடுங்குவது தெரிந்தது.

“என்னடி, பயமா?” என்றேன் காதோரம்.

“இல்லப்பா. நான் இன்னும் உக்காரவே இல்ல. பாதத்தை ஊனிண்டு அந்தரத்துலதான் இருக்கேன். மடிசார்ல வெளிய தெரியாது.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “உன் முட்டி தாங்காதுன்னு, நானும் மூணு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை கீதாஞ்சலி தீதிகிட்ட போய் இதைத்தான் பழகினேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆறு மாதம் நான் தவித்தது இந்தக் கனத்துக்காக. இவள் அதைத் தராமலே போய்விடப் பார்த்தாளே.

“உக்காரு.”

“வேண்டாம்ப்பா, வலிக்கும்.”

“வலிச்சா எனக்குத்தானே. முழுசா உக்காருடி.”

உட்கார்ந்தாள். அறுபத்தொரு கிலோவும் இறங்கியது. முழங்கால் நன்றாகவே வலித்தது. இரண்டு கைகளாலும் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை ராகவ் தாலியோடு குனிந்து அவசர அவசரமாக முதல் முடிச்சைப் போடப் போனார்.

“அவசரமே இல்ல மாப்பிள்ளை,” என்றேன். “நிதானமா கட்டுங்கோ.”