மூன்றாம் கழுவல்

விடிவதற்குள் தொட்டி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ஆலை கக்கிய அமிலத்தில் சுண்ணாம்பைக் கொட்டக் கொட்ட ஆவி கண்ணைக் கரித்தது. அடியில் தங்கும் வெள்ளைச் சேற்றை மூன்று தண்ணீர் கழுவினால் எதிர் ஆலைக்குச் சரக்கு. அங்கே பெண்கள் அதை வெறுங்கையால் பிசைந்து கூரைப் பலகை வார்ப்பார்கள். மூன்றாம் கழுவலை நம்பித்தான் அந்த வெறுங்கை.

கடைசித் தண்ணீர் வடிந்ததும், கழுவுகிறவர்களில் மூத்தவளான பெரியக்கா ஒரு பிடியை மணிக்கட்டின் உட்புறம் அப்பிப் பார்ப்பாள். எரியாவிட்டால்தான் வண்டி ஏறும்.

இன்று இரண்டாம் தண்ணீரிலேயே மேஸ்திரி, "ஏத்துங்க" என்றான். அவளோடு கூடப்பிறந்த தம்பி.

"இன்னொரு தண்ணி இருக்கேடா?"

"இனிமே ரெண்டுதான்க்கா. கையுறையையும் கழட்டிக் குடுத்துடுங்க."

முதலாளியே வந்துவிட்டார். "கழிவு அள்ளினீங்க, கையுறை குடுத்தேன். இப்ப இது சரக்கும்மா. சரக்கைத் தொட எதுக்குக் கையுறை?"

"அமிலத்துக்கு அது தெரியுமாங்க ஐயா?" என்றான் தொட்டி கிளறும் நெட்டையன். யாரும் சிரிக்கவில்லை.

"கழிவு சரக்கானா எங்களை நிரந்தரமாக்குறேன்னீங்களே?" என்றாள் பெரியக்கா.

"உங்க மேஸ்திரியை ஆக்கிட்டேனே! ரெண்டு தண்ணி போதும்னு அவன்தானே சொன்னான்."

முற்றமே தம்பியைப் பார்த்தது.

"நீயாடா?"

"வீட்டு நிலைமை உனக்குத் தெரியாதாக்கா?"

"ஒரே வீடுதானேடா."

அவள் ஒரு பிடிச் சேற்றை எடுத்தாள். "போதும்னா கையை நீட்டு."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவள் அந்தப் பிடியை வண்டியில் எறிந்தாள். பிறகு, "ஏத்துங்க. பிசையிறவங்ககிட்டயே போய்ப் பேசிக்கலாம்" என்றாள்.

வண்டிக்கு முன்னால் அவள் நடந்தாள். பின்னால் முற்றம் முழுவதும். எதிர் ஆலை வாசலில் பலகைக்காரி குண்டம்மா வந்து நின்றாள்.

"என்னக்கா, ஊர்வலமா?"

"கழுவாத சரக்குடி. தொட்டுடாதே."

குண்டம்மா நம்பாமல் மணிக்கட்டில் கொஞ்சம் தடவினாள். மறுகணம் குழாயடிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது தோல் சிவந்திருந்தது.

"ஒருத்தியும் இறக்காதீங்கடி!"

இரண்டு வாசலுக்கும் நடுவில் வண்டி நின்றது. இரண்டு ஆலைத் தொழிலாளர்களும் அதன் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"கையுறையைக் கொண்டாங்க!" முதலாளி தன் ஆலை வாசலிலிருந்தே கத்தினார். பக்கத்தில் தம்பி தலை குனிந்து நின்றான்.

பெரியக்கா தன் வலது கையுறையைக் கழற்றிக் குண்டம்மாவிடம் நீட்டினாள். "ஆளுக்கு ஒண்ணு." நெட்டையன் அடுத்தவளுக்கு நீட்டினான். கையுறைகள் ஒவ்வொன்றாகக் கை மாறின.

குண்டம்மா போட்டுக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டினாள்.

"இங்கதான் இருக்கு, ஐயா. வந்து வாங்கிக்கங்க!"