வாட்டாத தலை

இசக்கியப்பனின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சிறு பிளாஸ்டிக் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, கண் டாக்டர் காந்திமதி அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அது கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து. டாக்டர் தன் அறையில், தன் கையால், தூசியை எடுப்பதற்கு முன் விடவேண்டிய மருந்து. நோயாளியின் பையில் அதற்கு வேலையே இல்லை.

"இத யாரு குடுத்தா?"

"சுங்குவார்சத்திரத்துல கோதண்டராமன் டாக்டரு. நல்ல மருந்து டாக்டரம்மா. விட்ட ஒடனே வலி நின்னுட்டு. தீர்ந்த பொறவு மெடிக்கல்லயே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"எதனால வலிக்குதுன்னு பாத்தாரா?"

"டார்ச் அடிச்சுப் பாத்தாரு. இரும்புத் தூசின்னாரு. எனக்கு ஷிப்டுக்கு நேரமாயிட்டு. வேலைக்குப் போவணும்லா?"

இசக்கியப்பன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கிரைண்டிங் மிஷினில் நிற்கிறான். தீப்பொறியாகப் பறக்கிற இரும்புத் துணுக்கு சூடாக வந்து கண்ணில் ஒட்டும். கருவிழிக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதில்தான் அது பதியும். உடம்பில் அவ்வளவு வலி தெரிகிற இடம் வேறு இல்லை. அந்த வலிதான் கண்ணுக்குக் காவல். வலித்தால் கண் கொட்டும், நீர் சுரக்கும், மனிதன் டாக்டரைத் தேடி ஓடுவான். சொட்டு மருந்து அந்தக் காவலைத் தூங்க வைத்துவிடுகிறது. துணுக்கு அங்கேயே துருப்பிடிக்கும். புண் ஆறுவதையும் மருந்தே தடுக்கும். வலியில்லாத சந்தோஷத்தில் ஆள் வேலைக்குப் போவான், அழுக்குக் கையால் கண்ணைக் கசக்குவான். இசக்கியப்பன் வந்தபோது கருவிழியின் நட்டநடுவில் வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது.

புண்ணை ஆற்றலாம். ஆறினாலும் தழும்பு நிற்கும், அந்தக் கண் இனி மங்கல்தான். காந்திமதிக்கு அது தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது.

அவருக்கு விளங்காதது வேறொன்று. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர்கள் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவக் கல்விக் கூட்டம் நடத்தும். படித்து முடித்து வருஷக்கணக்கில் கிளினிக் நடத்துகிற டாக்டர்கள் புது விஷயங்களைத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட கூட்டம். அதில் காந்திமதியே இந்தச் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசியிருந்தார். படங்கள் காட்டினார், கடைசியில் கேள்வித்தாளும் கொடுத்தார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்ற கேள்விக்கு ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை. அப்படியும் நோயாளிகளின் பையில் குப்பி இருந்தது. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, சீழ் பிடித்த கண்ணைத் திரை அளவுக்குப் பெரிதாக்கி மறுபடியும் ஒரு கூட்டம் பேசினார். "பிரமாதம் மேடம், சாப்பாடே எறங்காது" என்று பாராட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அதற்கப்புறம் வந்தவன்தான் இசக்கியப்பன்.

தெரியாமல் செய்தால் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவர்களை என்ன செய்வது? அன்று மாலை குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு சண்டைக்குத் தயாராக சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, டீக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் கோதண்டராமனின் கிளினிக். ஷிப்டு விட்ட நேரம், பெஞ்சில் இடமில்லை. கோதண்டராமன் வாலாஜாபாத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சிரித்த முகம்.

"வாங்க மேடம், வாங்க. காபி சொல்லட்டுமா?"

"காபி வேணாம் சார். இது என்னன்னு சொல்லுங்க."

குப்பியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியாகிவிட்டது. "நான் எழுதனதுதான்."

"என் லெக்சர்ல மொத வரிசைல உக்காந்து, 'குடுக்கவே கூடாது'ன்னு கத்திச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ரெண்டாவது லெக்சர்ல?"

"அதுலயும் நான்தான். அன்னிக்கு வடைகூட நல்லாயிருந்திச்சு."

காந்திமதி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் நீலச் சட்டைத் தொழிலாளி ஒருவன் கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான். கோதண்டராமன் அவனை உட்காரவைத்து டார்ச் அடித்தார்.

"தூசி தெரியுது மேடம். கருவிழி ஓரத்துல."

"எடுங்க."

"எதால?"

"மொதல்ல ஈரப் பஞ்சால. வரலன்னா ஊசி முனையால."

"கண்ணுல ஊசியா!" டாக்டரும் நோயாளியும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கோதண்டராமன் டார்ச்சை அணைத்தார். "மேடம், உள்ளதச் சொல்றேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப கண் வார்டுக்குப் போனேன். பெரியவங்க எடுப்பாங்க, நாங்க டார்ச் புடிப்போம். அவ்ளோதான். இந்தக் கையால ஒரு தூசி எடுத்ததில்ல."

"அப்ப எங்கிட்ட அனுப்ப வேண்டியதுதானே?"

"ஏம்ப்பா, காலைல ஸ்ரீபெரும்புதூர்ல இந்த மேடம்கிட்ட போறியா?"

"லீவு போட்டா வேற ஆள போட்டுடுவாங்க சார். காண்ட்ராக்ட்டு. ஏதோ சொட்டு மருந்து குடுப்பீங்களாமே, அத ஊத்தி அனுப்புங்க."

"கேட்டுக்கினீங்களா?" கோதண்டராமனுக்கும் இப்போது குரல் ஏறியது. "நான் குடுக்கலன்னா மெடிக்கல்ல வாங்கி ஊத்திக்கினு போவான். குடுக்காதே, குடுக்காதேன்னு ரெண்டு தடவ சொன்னீங்க. குடுக்காம இன்னா பண்றதுன்னு ஒரு தடவகூட சொல்லலியே மேடம்!"

அது உண்மையாக இருந்ததால் காந்திமதிக்குக் கோபம் இன்னும் கூடியது. எழுந்து கை கழுவினார். அவனைக் கட்டிலில் படுக்கவைத்தார். அதே மரப்புச் சொட்டை ஒன்றே ஒன்று விட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேயிரு என்றார். தன் கைப்பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் மாட்டி, அவன் கன்னத்து எலும்பில் கையை ஊன்றி, ஊசி முனையைப் படுத்த வாக்கில் கொண்டுபோனார். துணுக்கு ஊசியோடு வந்தது. கடுகில் பாதிகூட இருக்காது.

"இவ்ளோதானா?" என்றார் கோதண்டராமன்.

"இவ்ளோதான்."

"பாக்கச்சொல்ல இவ்ளோதான். எங்கையில ஊசியக் குடுத்தா?"

அந்தக் கேள்வி பஸ்ஸில் காந்திமதியோடு கூடவே வந்தது. மனிதக் கண்ணில் பழகச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் கண் அறுவை பழகியது எதில்? ஆட்டுக் கண்ணில்.

சங்கத் தலைவர் டாக்டர் சுப்பராயனைப் போனில் பிடித்து, இந்த மாதக் கூட்டத்தைத் தனக்குக் கேட்டார்.

"ஏம்மா, இந்த மாசத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் வராரும்மா. சால்வைகூட வாங்கியாச்சு. புது மாதிரி வால்வு வெக்கறதப் பத்திப் பேசறாரு."

"இந்த ஏரியால எத்தன பேரு சார் வால்வு வெக்கறீங்க?"

"யாரும் வெக்கல. தெரிஞ்சுக்கறது நல்லதுதானே?"

"தினம் பத்துப் பேரு கண்ணுல இரும்போட வராங்க சார். ஒருத்தருக்கும் எடுக்கத் தெரியல. சால்வை கெட்டுப்போவாது, அப்புறமா போத்திக்கலாம். இந்த மாசம் ஆட்டுக் கண்ணு வெச்சுப் பழகலாம்."

"ஆட்டுக் கண்ணா? அது ப்யூர் வெஜ் ஹால்மா! போன தடவ எவரோ முட்டை பப்ஸ் கொண்டாந்ததுக்கே ஓனர் ஹாலைக் கழுவி விட்டாரு. மருந்துக் கம்பெனிக்காரன் பேனர்ல நான் என்னன்னு போடுவேன், ஆட்டுத் தலை படமா?"

கடைசியில் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டே தேதி மாற்றிக் கேட்டதால் சுப்பராயன் இறங்கி வந்தார். ஹால் கிடைக்காது, சாப்பாடு கிடையாது, இஷ்டமிருப்பவர்கள் கோதண்டராமனின் கிளினிக்குக்கு வரலாம் என்று தகவல் போனது. சாப்பாடு இல்லை என்றதும் பாதிப் பேர் அன்றைக்கு வெளியூர்க் கல்யாணம் என்றார்கள்.

ஆட்டுக் கண்ணை வாங்கித் தரும் பொறுப்பைக் கோதண்டராமன் ஏற்றுக்கொண்டார். கறிக்கடை நாகப்பன் கண்ணை மட்டும் தர மறுத்துவிட்டான். "கண்ணில்லாத தலைய எவன் சார் வாங்குவான்? ஞாயித்துக்கெழமயும் அதுவுமா என் யாபாரத்துல விளையாடறியா? வாங்கினா முழுத் தலையா வாங்கு." முழுத் தலை இன்னும் நல்லது என்று காந்திமதி நினைத்தார். இமை இருக்கும், ஊன்றிக்கொள்ளக் கன்ன எலும்பும் இருக்கும்.

ஞாயிறு காலை வந்த பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் முன்னால் கோதண்டராமன் பெருமையாகத் தட்டுகளின் மேலிருந்த துணியை விலக்கினார். தலைகள் மினுமினுவென்று மஞ்சளாக இருந்தன. காந்திமதி குனிந்து ஒரு இமையைத் திறந்தார். வெள்ளை. அடுத்தது, அதுவும் வெள்ளை.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"டாக்டருங்க தொடறதாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு நெருப்புல நல்லா வாட்டி, சொரண்டி, மஞ்சத் தடவச் சொன்னேன். வூட்டுக்கு எப்படி வாங்குவேனோ அப்படித்தான்."

காந்திமதி தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு வெந்துபோச்சு சார்! கண்ணாடி மாதிரி இருக்கணும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கு. இதுல தூசியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"குழம்புக்கு நல்லாயிருக்கும்" என்றார் சுப்பராயன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் தலைகளை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

கோதண்டராமன் முகம் சுண்டிப்போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். கடையில் அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாம். வாட்டாத தலை, மயிரோடு, கண்ணில் கை படாத தலை வேண்டும் என்று கேட்டதற்கு நாகப்பன், "டாக்டருக்கு இன்னா ஆச்சு?" என்று டீக்கடைக்காரரிடம் விசாரித்தானாம்.

புதுத் தலைகள் வந்தன. கண்கள் தெளிவாக இருந்தன. தினம் காந்திமதியிடம் மருந்து விட்டுக்கொள்ள வரும் இசக்கியப்பன், கேட்டுக்கொண்டபடி மிஷின் அடியில் கிடந்த இரும்புத் தூளை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான். காந்திமதி ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்று துணுக்கை அழுத்திப் பதித்தார். எல்லோர் நெற்றியிலும் கண்ணாடி, கையில் ஊசி.

முதலில் கோதண்டராமன். ஊசி நேராக இறங்கியது.

"ஓட்டை போட்டுட்டீங்க சார்."

"நல்ல வேள, ஆடு செத்துப்போச்சு" என்றார் யாரோ.

"நிமிர்த்திப் புடிக்காதீங்க. தோசைக்கரண்டிய எப்படி விடுவீங்க? குத்துவீங்களா? படுக்கப் போட்டு அடியில விடுவீங்க, ஒட்டினது தானா கிளம்பும். அதேதான். கை அந்தரத்துல நிக்கக் கூடாது, கன்னத்துல ஊனுங்க. மேல் இமையையும் பிரட்டிப் பாருங்க, அங்க ஒண்ணு ஒளிஞ்சுக்கினு இருக்கும். சுத்தியல் அடிக்கறப்ப வந்து குத்துனதுன்னு சொன்னா மட்டும் தொடாதீங்க. அது உள்ள போயிருக்கும், ஒடனே அனுப்பிடுங்க."

இரண்டாவதில் கீறல். மூன்றாவதில் துணுக்கு ஊசி முனையில் உட்கார்ந்து வந்தது. கோதண்டராமன் அதை வெளிச்சத்தில் பிடித்து, பரீட்சையில் பாஸான பிள்ளைபோல எல்லோருக்கும் காட்டினார். இசக்கியப்பன் எட்டிப் பார்த்தான்.

"இத அன்னைக்கே எடுத்திருந்தா எனக்கு சரியாயிருக்குமா சார்?"

கோதண்டராமன் காந்திமதியைப் பார்த்தார். "ஆயிருக்கும்ப்பா" என்றார் கோதண்டராமன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளை அழுத்திப் பிடித்தார். அப்புறம் அடுத்த தலைக்குப் போனார். எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

காந்திமதி இந்தத் தடவை யாரையும் நம்புவதாக இல்லை. கேள்வித்தாள் கொடுக்கவில்லை. வந்தவர்களின் கிளினிக் ஒவ்வொன்றுக்கும் மாலையில் போய் உட்கார்ந்தார். முதல் சில நோயாளிகளுக்கு டாக்டர் எடுக்கும்போது பக்கத்தில் நின்றார். தப்புச் செய்தால் வெளியே அழைத்துப்போய் நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உள்ளே அனுப்பினார்.

இசக்கியப்பனின் புண் ஆறியது, தழும்பு நின்றது. கம்பெனியில் அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சில வாரம் கழித்து, அவன் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மாசானத்தை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இவன் கண்ணுலயும் விழுந்துட்டு டாக்டரம்மா. கோதண்டராமன் டாக்டரே ஊசியால எடுத்துட்டாராம். சரியாயிட்டுன்னு இவன் நம்ப மாட்டேங்கான், நீங்க ஒரு தடவ பாருங்க."

காந்திமதி முதலில் மாசானத்தின் சட்டைப் பைக்குள் கை விட்டார். புண்ணில் கிருமி சேராமலிருக்க விடும் சாதாரண மருந்து மட்டும் இருந்தது. கண்ணைப் பார்த்தார். துருவில்லை. கீறல் மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் சுப்பராயன் போன் செய்தார். "ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் தேதி குடுத்துட்டாரும்மா. இனிமே நம்ம பழைய மாதிரியே..."

"வேணாம் சார். இனிமே சங்கத்துக்கு மூணே வேலைதான். டாக்டருங்களுக்கு என்ன செய்ய வரலன்னு அவங்க கிளினிக்குக்கே போய்க் கேக்கணும். கூட்டத்துல அத மட்டும் அவங்க கையாலேயே செஞ்சு பழக வெக்கணும். அப்புறம் திரும்பப் போய், நோயாளிக்குச் செய்யறாங்களான்னு நேர்ல பாக்கணும்."