பிரித்துத் தைத்த காலர்கள்

1.

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு வேலை தெரியாதுன்னே தெரிஞ்சுது." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மீதியை நான்தான் எழுத வேண்டும்.

காலைக் கதிர்கள் தையல் மெஷின்களின் மீது பொன்னாய்ப் படர்ந்து...

(அடித்துவிட்டேன். அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. டியூப்லைட்தான்.)

2.

சட்டை தைக்கும் கம்பெனி. காலர் பிரிவில் அவளைப் போல வேகமான கை வேறில்லை. அதனால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நன்றாகத் தைப்பவளுக்குத் தைக்க வைக்கவும் தெரியும் என்பது மேனேஜரின் நம்பிக்கை.

பக்கத்து மெஷினில் அவளுடைய தோழி. வாய் ஓயாததால் எல்லோருக்கும் அவள் 'ரேடியோ'. தையலில் குறை ஒன்றே ஒன்று: காலர் முனையில் திரும்பும்போது கோணிக்கொள்ளும்.

அதை எப்படிச் சொல்வது? நேற்றுவரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். 'பதவி வந்ததும் தலைக்கனம் வந்துடுச்சு' என்பாளே! அதனால் எல்லோரும் சாப்பிடப் போனதும், சூப்பர்வைசர் கோணல் காலர்களைப் பிரித்து, தானே மறுபடி தைத்து, கட்டுக்குள் செருகிவிடுவாள்.

[இவளை நல்லவள் என்பதா, கோழை என்பதா? பேனா இங்கேதான் மக்கர் செய்தது. இரண்டும்தான் போலிருக்கிறது.]

3.

கம்பெனி அவளை ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. தலைப்பு: தலைமைப் பண்பு.

அன்று பிரித்துத் தைக்க ஆளில்லை. காலர்கள் கோணலாகவே செக்கிங்குக்குப் போயின. மறுநாள் அப்படியே திரும்பியும் வந்தன.

"யாரும்மா இது, ரேடியோவா? மெஷினை விட்டு எழுப்பி நூல் வெட்டப் போடு," என்றார் மேனேஜர்.

நூல் வெட்டினால் சம்பளம் பாதியாகிவிடும்.

"இன்னைக்கு ஒருநாள் குடுங்க சார்."

"சாயங்காலம் வந்து பாப்பேன். என் கண்ணு முன்னாடி ஒரு காலர் ஒழுங்கா வரணும்."

4.

முடிவு அ: அவள் வாயை மூடிக்கொள்கிறாள். (வேண்டாம். எனக்கே அவளைப் பிடிக்காமல் போய்விடும்.)

முடிவு ஆ: மேனேஜரிடம் உண்மையைச் சொல்கிறாள். அவர் மனமுருகிக் கைதட்டு... (எந்த ஊர் மேனேஜர்?)

ரேடியோவிடமே சொன்னாள். ரேடியோ முதல்முறையாக ஓய்ந்தது. பிறகு வெடித்தது.

"அப்ப என் தையல் கோணல்னு எனக்கு மட்டுந்தான் தெரியாதா? நல்லா இருக்குடி உன் பாசம்!"

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான்..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்காக்கும்? தள்ளு. எதையும் தொடாதே. நான் தைக்கிறேன், நீ நின்னு பாரு. தப்பாச்சுன்னா வாயைத் திற!"

5.

சாயங்காலம். காலர் முனையை நெருங்குகிறது. ரேடியோ துணியை இழுக்கிறாள். கோளாறே அந்த இழுப்பில்தான். பின்னால் மேனேஜரின் செருப்புச் சத்தம். சூப்பர்வைசரின் கை தானாக முன்னால் நீள்கிறது.

எழுதுகிற நானே இந்தக் காலரை நேராக்கிவிடலாம். ஒரு வரி போதும்; யாருக்கும் தெரியாது. ஆனால் அதைத்தானே அவளும் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தாள்?

நான் கையை எடுத்துவிட்டேன். அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கிறாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லுங்களேன். சீக்கிரம். ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது.