மருமகளின் கிரியைகள்

1

விசுவாசத்தால் இரட்சிப்பா, நற்கிரியையாலா என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு மாமியார் குறுக்கே வந்து படுத்துக்கொண்டார். பக்கவாதம்; நகர்த்த முடியவில்லை. சரி, கதையாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

மருமகள் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவள். மாமியார் வேதம் வாசிக்கும் பல்லே அவள் கைவேலைதான். கணவன் கப்பலில் இருக்கிறான் (கதைக்கு இடைஞ்சலாக இருந்தான், நான்தான் ஏற்றி அனுப்பினேன்). வேலைக்கு முன்னும் பின்னும், மதியம் ஓடிவந்தும், மாமியாரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்கிறாள். கடவுள் நம்பிக்கை மட்டும் அவளுக்குக் கிடையாது.

மாமியாருக்கு அது நெஞ்சில் தைத்த முள். மனிதன் செய்கிற நல்லது எதுவும் அவனைக் கரையேற்றாது, விசுவாசம் ஒன்றே கரையேற்றும் என்பதில் ஊறிப்போனவர். இத்தனையும் செய்துவிட்டு இவள் நரகத்துக்கல்லவா போகப்போகிறாள் என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இவள் செய்வதை நிறுத்தினால்தான் விசுவாசத்தைத் தேடுவாள்.

3

"என்னத் தொடாதே."

மருமகள் ஈரத்துணியோடு நின்றாள். "ஏன் அத்தை?"

"செய்யச் செய்ய நான் நல்லவங்கற நினைப்புதான் உனக்கு வளருது. அது உன்னக் காப்பாத்தாது. விசுவாசிக்கிறேன்னு சொல்லு, அப்புறம் தொடு."

"நான் என்ன பரலோகத்துக்காகவா துடைக்கிறேன்? நாறுது, துடைக்கிறேன்."

மாமியார் அசைக்க வருகிற ஒரு கையால் பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

4

புரட்டாமல் விட்டதில் மாமியாரின் முதுகு சிவக்கத் தொடங்கியது. இந்த இடத்துக்காக நான் எழுதிய வரி: மருமகளின் கண்கள் கலங்கின. "விசுவாசி..." என்று அவள்

வரவில்லை. எப்படி எழுதினாலும் வாயைத் திறக்க மறுக்கிறாள். பொய் சொல்லியாவது அந்த அம்மாவைக் காப்பாற்றேன் என்று கெஞ்சினேன்.

"அவங்க உயிரையே வச்சு நம்புற விஷயம் அது," என்றாள் என்னிடம். "அதுல போய் நான் பொய் சொல்வேனா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. போதகரை வரவழைத்தேன். "கிரியைங்கறது விசுவாசத்தோட கனி அம்மா..." என்று நீளமாகத் தொடங்கினார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். போதகரை அடித்துவிட்டேன். (பேனாவால்தான்.)

5

கடைசியில் மருமகள் என்னையும் கேட்கவில்லை, மாமியாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள். வெந்நீரைக் கட்டிலருகே வைத்தாள்.

"கோவம் எவ்வளவு வேணா படுங்க அத்தை. ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுப் படுங்க."

புரட்டினாள். மாமியார் அழுதார். பிறகு சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"நான் செத்தா நேரா உள்ள போவேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீ இல்லாம அங்க எப்படி இருப்பேன்?"

மருமகள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை மட்டும் கொஞ்சம் மெதுவானது.

"போக மாட்டேன். நீ வர்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன். கர்த்தரே வந்து கூப்பிட்டாலும் சரி."

6

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாமியார் இறப்பதை எழுத மாட்டேன், மருமகள் மனம் மாறுவதையும் எழுத மாட்டேன். அந்த வாசலில் என்ன பதில் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் விசுவாசியோ இல்லையோ, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமியாரை மட்டும் தனியாக உள்ளே அனுப்பப் பார்க்காதீர்கள். நான் எழுதிப் பார்த்துவிட்டேன், அவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.